சீட்டா ஒப்பந்தம்: கனடா–ஐரோப்பா நடுவுல வியாபாரம், முதலீடு பண்றவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு இன்வாய்ஸ்ல இருந்து ஆரம்பிக்கிறேன். டொராண்டோல ஸ்கார்பரோ பக்கம் செருப்புக் கடை வச்சிருக்கற ஒரு அண்ணன் போர்ச்சுகல்ல இருந்து லெதர் ஷூ இறக்கினார், 40,000 கனடா டாலர் சரக்கு. டப்பா மேல "மேட் இன் போர்ச்சுகல்"னு பளிச்சுனு அடிச்சிருக்கு, ஷூவோட நாக்குலயும் அதே முத்திரை, பேக்கிங் லிஸ்ட் சரியா இருக்கு, பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி குடுக்கற சரக்கு ரசீது) சரியா இருக்கு. ஆனா இன்வாய்ஸோட கீழ்ப்பக்கம் காலியா இருந்துச்சு. அந்த இடத்துல ஒரே ஒரு வாக்கியம் வந்திருக்கணும். அது இல்லாததால 18% டியூட்டி (இறக்குமதி வரி), அதாவது 7,200 டாலர் கட்டிட்டுத்தான் சரக்க வெளிய எடுத்தார். வாக்கியம் இருந்திருந்தா டியூட்டி பூஜ்யம்.

நான் டொராண்டோ பக்கத்துல ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ இந்த மாதிரி கேஸ் கண்ணு முன்னாடி வந்துட்டு போகுது. ஒப்பந்தம் போட்டாச்சு, டியூட்டி போயிருச்சுன்னு எல்லாரும் நினைக்கறாங்க. டியூட்டி தானா போகாதுங்க, நிரூபிச்சவங்களுக்கு மட்டும்தான் போகும். இந்த ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கிட்டு கீழ இருக்கறத படிங்க.

முதல்ல, சீட்டான்னா என்ன

கனடாவுக்கும் ஐரோப்பிய யூனியனுக்கும் நடுவுல இருக்கற விரிவான பொருளாதார, வர்த்தக ஒப்பந்தத்துக்குத்தான் சுருக்கமா சீட்டா (CETA)ன்னு பேரு. 2009ல பேச்சுவார்த்தை ஆரம்பிச்சுது, 2014ல முடிஞ்சுது, 2016 அக்டோபர் 30 அன்னிக்கு பிரஸ்ஸல்ஸ்ல கையெழுத்து ஆச்சு. கையெழுத்துக்கு சில நாள் முன்னாடி வரைக்கும் பெல்ஜியத்துல இருக்கற வலோனியாங்கற ஒரு மாகாணம், அதோட தலைவர் பால் மாக்னெட், முடியாதுன்னு நின்னுட்டார். மொத்தம் 35 லட்சம் பேர் இருக்கற ஒரு மாகாணம் 50 கோடி பேரோட ஒப்பந்தத்த நிறுத்தி வச்சுது. கனடா வர்த்தக அமைச்சர் கிறிஸ்டியா ஃப்ரீலாண்ட் பேச்சுவார்த்தைல இருந்து கண் கலங்கி வெளிய வந்தத அன்னிக்கு டிவில பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். வலோனியாவோட முக்கியமான பயம் ரெண்டு, ஒன்னு அங்க இருக்கற சின்ன விவசாயிங்க, இன்னொன்னு கம்பெனிங்க அரசாங்கத்து மேல கேஸ் போடற முறை. ரெண்டாவது பயம் இன்னிக்கு வரைக்கும் முதலீட்டு அத்தியாயத்த முழுசா அமலுக்கு வர விடாம வச்சிருக்கு, அதப் பத்தி பின்னாடி விரிவா சொல்றேன்.

2017 பிப்ரவரில ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒத்துக்கிச்சு, 2017 செப்டம்பர் 21ல இருந்து "தற்காலிகமா" அமலுக்கு வந்துச்சு. தற்காலிகம்னதும் பயப்பட வேணாம், டாரிஃப், சர்வீஸ், அரசு டெண்டர் எல்லாம் முழுசா நடந்துட்டு இருக்கு. முதல் நாளே 98% டாரிஃப் வரிசை பூஜ்யம் ஆச்சு, கார் மாதிரி மிச்சம் இருந்ததுல பெரும்பகுதி 7 வருஷத்துல படிப்படியா குறைஞ்சு போச்சு. அதனால இப்ப நீங்க உள்ள வரும்போது அநேகமா குறைப்பு எல்லாம் முடிஞ்ச நிலைமைலதான் வர்றீங்க.

அமெரிக்காவும் ஐரோப்பாவும் இதே மாதிரி ஒன்னு பேசினாங்க, 2013ல ஆரம்பிச்சு 2016 கடைசில அப்படியே நின்னு போச்சு. அதனால அட்லாண்டிக்க தாண்டற பெரிய ஒப்பந்தம்னு உண்மையிலேயே ஓடிட்டு இருக்கறது சீட்டாதான். 2025ல அமெரிக்கா கனடா மேலயும் ஐரோப்பா மேலயும் புது டாரிஃப் போட ஆரம்பிச்சதும், அதுவரைக்கும் தெக்குப் பக்கம் மட்டுமே பாத்துட்டு இருந்த கனடா கம்பெனிங்க கூட எங்க ஆபீஸுக்கு போன் பண்ணி ஐரோப்பா பத்தி கேக்க ஆரம்பிச்சாங்க.

படி 1: எதிர்ல இருக்கற நாடு ஒப்பந்தத்துக்குள்ள இருக்கா

27 உறுப்பு நாடு, அவ்ளோதான். சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து இதுல கிடையாது, அவங்களுக்கு 2009ல இருந்து தனி ஒப்பந்தம் ஒன்னு இருக்கு. பிரிட்டனும் கிடையாது. பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் கனடாவும் பிரிட்டனும் சீட்டாவ அப்படியே காப்பி எடுத்த மாதிரி ஒரு தொடர்ச்சி ஒப்பந்தம் போட்டாங்க, 2021 ஏப்ரல் 1ல இருந்து அமல். அது வேற ஒப்பந்தம், பேப்பரும் வேற. லண்டன்ல இருக்கற மச்சான் மூலமா ஜெர்மன் சரக்கு வாங்கி கனடாக்கு அனுப்பறவங்க நிறைய பேர் இங்கதான் மாட்டறாங்க. லண்டன் வியாபாரி சீட்டா அறிவிப்பு எழுத முடியாது, அவர் சரக்கு ஜெர்மனில செஞ்சதா இருந்தாலும் சரி. நேரா ஜெர்மனில இருந்து, ஜெர்மன் ஏற்றுமதியாளர் எழுதிக் குடுத்து வரணும்.

படி 2: எச்.எஸ். கோடு பாருங்க, ஏற்கெனவே பூஜ்யமான்னும் பாருங்க

ஒவ்வொரு சரக்குக்கும் எச்.எஸ். கோடுன்னு ஒரு வகை எண் இருக்கு, முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்னு, அதுக்கு மேல ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டியத சேத்துக்கும். கனடாக்குள்ள வர்றதுக்கு கனடா டாரிஃப் புத்தகம், ஐரோப்பாக்குள்ள போறதுக்கு அவங்களோட ஆக்சஸ் டூ மார்க்கெட்ஸ் தளம், ரெண்டும் இலவசம். அந்த ஐரோப்பிய தளத்துல ஆரிஜின் விதிய (சரக்கு எந்த நாட்டோடதுன்னு முடிவு பண்றது) கேள்வி கேட்டு கேட்டு சரிபாக்கற ஒரு வசதியும் இருக்கு, ரொம்ப உபயோகம்.

கோடு கிடைச்சதும் சாதாரண டாரிஃப் எவ்ளோன்னு முதல்ல பாருங்க. நிறைய பேர் இந்த வேலைய பண்றதே இல்ல. கனடால சஸ்கட்சுவான் மாகாணத்துல விளையற மைசூர் பருப்ப ஐரோப்பாவுக்கு அனுப்பணும்னு வைங்க, அங்க அதுக்கு யாருக்குமே டியூட்டி கிடையாது, அப்ப சீட்டா பேப்பருக்காக நேரம் செலவு பண்ணவே வேணாம். அதே மாதிரி ஐரோப்பால இருந்து ஃபேக்டரி மெஷின் கொண்டு வந்தா கனடா அதுல பெரும்பாலானதுக்கு பல வருஷம் முன்னாடியே டாரிஃப எடுத்துருச்சு. சீட்டாவால பணம் மிச்சமாகறது எங்கன்னா துணி, செருப்பு, கார், மீன், மேப்பிள் சிரப் மாதிரி சாதாரண டாரிஃப் நல்லா உசந்து இருக்கற சரக்குல. கனடால டி-ஷர்ட்டுக்கு 18%, காருக்கு 6.1% இருந்துச்சு. ஐரோப்பால காருக்கு 10%, மேப்பிள் சிரப்புக்கு 8%, உயிரோட இருக்கற லாப்ஸ்டருக்கு 8%.

லாப்ஸ்டர் கதை இந்த ஒப்பந்தம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற நல்ல உதாரணம். நோவா ஸ்கோஷியா மீனவரும் அமெரிக்கால மெய்ன் மாநில மீனவரும் கிட்டத்தட்ட ஒரே கடல்ல, ஒரே ஜாதி லாப்ஸ்டரத்தான் பிடிக்கறாங்க. 2017 செப்டம்பர்ல கனடாக்காரருக்கு 8% பூஜ்யம் ஆச்சு, மெய்ன்காரருக்கு 8% அப்படியே இருந்துச்சு. ஐரோப்பிய வியாபாரிங்க கனடா பக்கம் திரும்பினாங்க, மெய்ன் ஏற்றுமதி அடி வாங்குச்சு, கடைசில 2020ல அமெரிக்காவும் ஐரோப்பாவும் லாப்ஸ்டருக்குன்னே ஒரு சின்ன உடன்பாடு போட்டு அந்த டாரிஃப எடுத்தாங்க. மொத்த வியாபாரமும் திசை மாற 8% போதும்.

படி 3: ஆரிஜின். நிதானமா படிக்க வேண்டிய இடம் இதுதான்

சரக்கு எங்க இருந்து கப்பல் ஏறுச்சுங்கறது கேள்வியே இல்ல. எங்க *செஞ்சாங்க*, எதுல இருந்து செஞ்சாங்க, அதுதான் கேள்வி. ஒவ்வொரு எச்.எஸ். கோடுக்கும் ஒரு விதி இருக்கு, இந்த அளவுக்கு மேல வெளிநாட்டுப் பொருள் இருக்கக் கூடாது, இல்லன்னா இந்த வேலை எல்லாம் உள்ளயே நடக்கணும்னு.

நம்ம ஆளுங்க அடிக்கடி கேக்கற கேள்வி, "திருப்பூர்ல தைச்ச டி-ஷர்ட்ட ராட்டர்டாம் குடோன்ல இறக்கி, லேபிள் மாத்தி, டொராண்டோவுக்கு அனுப்பினா சீட்டா கிடைக்குமா?" கிடைக்கவே கிடைக்காது. அது இந்திய சரக்கு, ராட்டர்டாம்ல எத்தன மாசம் இருந்தாலும் இந்திய சரக்குதான், 18% கட்டணும். லேபிள் மாத்தறது, மடிச்சு பேக் பண்றது, இஸ்திரி போடறது இதெல்லாம் ஆரிஜின் குடுக்காதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதி இருக்கு. மாத்தி காட்டினா அது தப்பான அறிவிப்பு, அபராதம் வரும்.

ஆனா இன்னொரு வழி இருக்கு, அது சட்டப்படி சுத்தமானது. வெட்டித் தைக்கற பின்னலாடைக்கு விதி என்னன்னா பொதுவா துணிய பின்றது, வெட்டித் தைக்கறது ரெண்டும் உள்ள நடக்கணும். நூல் எங்க இருந்து வந்தாலும் பரவால்ல. அப்ப கோயம்புத்தூர் பக்கம் ஒரு மில்லுல நூத்த நூல் போர்ச்சுகலுக்குப் போய், அங்க துணியா பின்னி, அங்கயே வெட்டித் தைச்சு வந்தா அது ஐரோப்பிய ஆரிஜின், கனடால டியூட்டி பூஜ்யம். அதே மில் துணியாவே அனுப்பி போர்ச்சுகல்ல தையல் மட்டும் நடந்தா பொதுவா தேறாது. நூல் அனுப்பறதுக்கும் துணி அனுப்பறதுக்கும் நடுவுல 18% வித்தியாசம் நிக்குது. எங்க முதலீடு போடறது, எந்த மெஷின எந்த ஊர்ல வைக்கறதுன்னு முடிவு பண்றவங்க இந்த விதிய படிச்சிட்டுத்தான் முடிவு பண்றாங்க. (துணில சில ரகத்துக்கு மட்டும், வருஷத்துக்கு இவ்ளோதான்னு ஒரு அளவு வரைக்கும் விதிய தளர்த்தி வச்சிருக்காங்க, உங்க கோடு அந்த பட்டியல்ல இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க.)

கார்லயும் இதேதான். கனடால அசெம்பிள் பண்ற கார்ல பாதிக்கு மேல அமெரிக்க பாகமா இருக்கும், ஏன்னா கனடாவோட ஒண்டாரியோவும் எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவோட மிச்சிகனும் ஒரே ஃபேக்டரி மாதிரி வளந்த இடம். சீட்டால வெளிநாட்டு பாகம் 50% தாண்டக் கூடாதுன்னு ஆரம்பிச்சாங்க, 7 வருஷத்துக்கு அப்புறம் 45%. அதுல கனடா கார்ங்க தேறாதுன்னு தெரிஞ்சுதான் வருஷத்துக்கு 1,00,000 வண்டி வரைக்கும் தளர்வான விதில போகலாம்னு தனியா வாங்கி வச்சாங்க.

இதுல நல்லது ஒன்னு இருக்கு. கனடா பொருளும் ஐரோப்பிய பொருளும் ஒன்னா சேத்து கணக்கு பண்ணிக்கலாம். இத்தாலித் தோல வாங்கி மாண்ட்ரியால்ல பை தைச்சு திரும்ப ஐரோப்பாவுக்கே வித்தா, அந்த தோல் வெளிநாட்டுப் பொருளா எண்ண மாட்டாங்க.

படி 4: அந்த ஒரு வாக்கியம்

சீட்டால தனியா சர்ட்டிஃபிகேட் கிடையாது, சேம்பர் ஆஃப் காமர்ஸ் முத்திரை எதுவும் வேணாம். ஏற்றுமதி பண்றவர் இன்வாய்ஸ்லயோ வேற வணிக ஆவணத்துலயோ ஒரு அறிவிப்பு எழுதணும். அதோட சாரம் இதுதான்: இந்த ஆவணத்துல இருக்கற பொருட்களோட ஏற்றுமதியாளர், இன்ன எண் உள்ளவர், வேற மாதிரி தெளிவா குறிப்பிடாத வரைக்கும் இந்த பொருட்கள் கனடா அல்லது ஐரோப்பிய யூனியன் முன்னுரிமை ஆரிஜின் உள்ளதுன்னு அறிவிக்கிறார். எந்த மொழில எழுதினாலும் ஒப்பந்தத்துல குடுத்திருக்கற வாசகத்த அப்படியே எழுதணும், சொந்தமா நல்லா இருக்குன்னு மாத்தக் கூடாது.

ஐரோப்பா பக்கம் இருக்கறவர் 6,000 யூரோவுக்கு மேல இருக்கற சரக்குக்கு அறிவிப்பு குடுக்கணும்னா ரெக்ஸ்னு ஒரு பதிவு எண் எடுத்திருக்கணும், அதுக்கு கீழன்னா எண் இல்லாமலே எழுதலாம். கனடால இருந்து அனுப்பறவருக்கு கனடா வரித்துறை (ரெவன்யூ ஏஜென்சி) குடுத்த பிசினஸ் நம்பர் போதும். ஒரு அறிவிப்பு 12 மாசம் செல்லும்.

செருப்புக்கடை அண்ணன் கேஸ்ல என்ன ஆச்சுன்னா, அவருக்கு வித்தவர் ஃபேக்டரிக்காரர் இல்ல, நடுவுல இருந்த ஒரு டிரேடர். அவருக்கு ரெக்ஸ் எண்ணும் இல்ல, ஃபேக்டரில இருந்து எந்த தோல், எந்த சோல், மேல்பாகம் எங்க தைச்சதுன்னு ஒரு பேப்பரும் இல்ல. "டப்பால போட்டிருக்கே, போதாதா"ன்னு திருப்பி கேட்டிருக்கார். போதாது. ரெண்டு மாசம் மெயில் மேல மெயில் போட்டு, ஃபேக்டரில இருந்து விவரம் வாங்கி, டிரேடர் ரெக்ஸ் எண் எடுத்து, புது அறிவிப்பு எழுதி அனுப்பினதுக்கு அப்புறம்தான் நாங்க ரீஃபண்ட் போட்டோம். இறக்குமதி ஆனதுக்கு அப்புறமும் காலக்கெடுவுக்குள்ள ரீஃபண்ட் கேக்க ஒப்பந்தம் அனுமதிக்குது, அதனால பழசா கட்டின டியூட்டி ஏதாவது இருந்தா இப்பவே தோண்டி பாருங்க. பணம் திரும்பி வந்தப்ப அந்த அண்ணன் சொன்னது, "இந்த 7,200ஐ வச்சு நான் தீபாவளி ஸ்டாக் போட்டிருப்பேன்." கட்டின பணம் வந்துருச்சு, போன சீசன் போனதுதான்.

அதனால ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே, விலை பேசும்போதே கேளுங்க: உங்ககிட்ட ரெக்ஸ் எண் இருக்கா, சீட்டா அறிவிப்பு எழுதி தருவீங்களா. பர்ச்சேஸ் ஆர்டர்லயே ஒரு வரியா போட்டுருங்க. முதல் சில வருஷம் ஐரோப்பிய ஏற்றுமதியாளருங்க சலுகை கிடைக்கக்கூடிய சரக்குல பாதிக்குக் கூட அத கேட்டு வாங்கல. வாங்கறவர் கேக்காம விக்கறவர் அந்த வேலைய பண்ண மாட்டார், ஏன்னா லாபம் வாங்கறவருக்குத்தான்.

40,000 டாலர் ஷூவுக்கு கணக்கு இப்படி. அறிவிப்பு இல்லன்னா டியூட்டி 7,200, அதுக்கு மேல 5% ஜி.எஸ்.டி. 2,360, மொத்தம் 9,560. அறிவிப்பு இருந்தா டியூட்டி பூஜ்யம், ஜி.எஸ்.டி. 2,000. ஜி.எஸ்.டி.ய பின்னாடி கிரெடிட்டா எடுத்துக்கலாம், டியூட்டிய எடுக்க முடியாது.

படி 5: வழில எங்கயும் கை வைக்கக் கூடாது

ஐரோப்பால இருந்து வர்ற கண்டெய்னர் சில சமயம் நியூயார்க் துறைமுகத்துல இறங்கி அங்க இருந்து லாரில வரும். அது பரவால்ல, ஆனா அங்க கஸ்டம்ஸ் கட்டுப்பாட்டுலயே இருந்திருக்கணும், இறக்கறது, ஏத்தறது, கெடாம பாத்துக்கறது தவிர வேற எதுவும் நடந்திருக்கக் கூடாது. எல்லைப் பக்கம் இருக்கற அமெரிக்க ஊர் பஃபலோல ஒரு குடோன்ல அமெரிக்க இறக்குமதியா கிளியர் பண்ணி பாதிய அங்க வித்துட்டு மீதிய டொராண்டோவுக்கு கொண்டு வந்தா சலுகை போச்சு. ஐரோப்பால இருந்து கனடா வரைக்கும் ஒரே பில் ஆஃப் லேடிங் போட சொல்லுங்க, பின்னாடி கேள்வி வந்தா அதுதான் காப்பாத்தும்.

படி 6: கனடா பக்கம் பதிவும் லேபிளும்

2024 அக்டோபர்ல இருந்து கனடா கஸ்டம்ஸ்ல கார்ம்னு புது ஆன்லைன் சிஸ்டம் வந்திருக்கு, இறக்குமதி பண்றவர் தானே பதிவு பண்ணி, டியூட்டிக்கு உத்தரவாதமா தன் பேர்ல செக்யூரிட்டி வைக்கணும், முன்ன மாதிரி புரோக்கரோட உத்தரவாதத்துல (பாண்ட்) ஓட்ட முடியாது. உணவுப் பொருள்னா உணவு ஆய்வு ஏஜென்சி லைசென்ஸ் வேணும், லேபிள் இங்கிலீஷ், ஃபிரெஞ்சு ரெண்டுலயும் இருக்கணும். சீட்டா டாரிஃபத்தான் எடுத்துது, பாதுகாப்பு விதிய ஒன்னும் எடுக்கல.

சீஸ் பத்தி தனியா சொல்லணும்

எல்லா சரக்குக்கும் கதவு முழுசா திறக்கல. கனடா பால் பண்ணைங்கள பாதுகாக்க பால், சீஸ், கோழி, முட்டைக்கு ஒரு ஒதுக்கீட்டு முறை வச்சிருக்கு. சீட்டால ஐரோப்பாவுக்கு சாதாரண சீஸ் 16,000 டன், ஃபேக்டரி உபயோகத்துக்கு 1,700 டன் புதுசா குடுத்தாங்க. அந்த ஒதுக்கீட்டுக்குள்ள டியூட்டி இல்ல, வெளிய போனா 245.5%. யாருக்கு அந்த ஒதுக்கீடுங்கறதுதான் விஷயம், பாதி சீஸ் தயாரிப்பாளருங்களுக்கு, பாதி வினியோகஸ்தர், சில்லறைக் கடைங்களுக்கு. உள்ளூர் தயாரிப்பாளர் கைலயே பாதி போனதால ஐரோப்பாக்காரங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் வருத்தம். புதுசா சீஸ் இறக்க நினைக்கறவங்க முதல்ல ஒதுக்கீடு கிடைக்குமான்னு பாருங்க, இல்லன்னா ஒதுக்கீடு வச்சிருக்கறவர் மூலமா இறக்குங்க. சரக்க கப்பல்ல ஏத்திட்டு வந்து கேட்டா யாராலயும் உதவ முடியாது.

மறுபக்கம் கனடாவுக்கு மாட்டிறைச்சில கிட்டத்தட்ட 50,000 டன் கிடைச்சுது, ஆனா அதுல ரொம்ப சின்ன பங்குதான் போகுது. ஏன்னா ஹார்மோன் போடாம வளத்த மாடா இருக்கணும், கனடா பண்ணைல பெரும்பாலும் போடறாங்க. பேப்பர்ல கிடைச்ச சந்தையும் நிஜத்துல கிடைச்ச சந்தையும் வேற வேறங்கறதுக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்கு தெரியாது.

பேர் விஷயமும் இருக்கு. 143 ஐரோப்பிய ஊர்ப்பேர் உணவுங்களுக்கு கனடால பாதுகாப்பு குடுத்தாங்க. ஃபெட்டாங்கற பேர 2013 அக்டோபர் 18க்கு முன்னாடியே உபயோகிச்சவங்க தொடரலாம், அதுக்கு அப்புறம் வந்தவங்க "ஃபெட்டா ஸ்டைல்"னு போடணும். பார்மா ஹாம்னு இத்தாலிக்காரங்க சொந்தப் பேர்லயே கனடால விக்க முடியாம இருந்துச்சு, ஏன்னா "பார்மா" இங்க ஒரு உள்ளூர் கம்பெனியோட டிரேட்மார்க். சீட்டாவுக்கு அப்புறம் ரெண்டு பேரும் உபயோகிக்கலாம்னு ஆச்சு.

கனடால இருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பறவங்களுக்கு

மார்க்கம், ஸ்கார்பரோல முறுக்கு, மிக்சர், இனிப்பு போடற சின்ன ஃபேக்டரிங்க நிறைய இருக்கு, பாரிஸ் லா ஷப்பல்ல நம்ம கடைங்க வரிசையா இருக்கு, அதனால இந்த ரூட் எல்லாருக்கும் மனசுல வரும். டாரிஃப விட இங்க தடையா நிக்கறது உணவு விதிங்கதான். நெய், பால் பவுடர் சேத்த இனிப்புன்னா அந்த பால் பொருள் ஐரோப்பா ஒத்துக்கிட்ட ஆலைல இருந்து வந்திருக்கணும். வெள்ளை நிறத்துக்கு போடற டைட்டானியம் டை ஆக்சைடு கனடால இன்னும் அனுமதி, ஐரோப்பால 2022ல இருந்து உணவுல தடை. எந்த கலர் பவுடர் வாங்கறீங்கன்னு டப்பாவ எடுத்து பின்பக்கம் படிங்க. எண்ணெய்ல பொரிச்ச, பால் சேராத காரத்துல ஆரம்பிக்கறது சுலபம்னு நான் எல்லாருக்கும் சொல்வேன்.

படி 7: ஆள் அனுப்பறது, டெண்டர் எடுக்கறது

சீட்டால சரக்கு மட்டும் இல்ல, ஆளும் போகலாம். ஒரே கம்பெனிக்குள்ள மாத்தி அனுப்பற சீனியர், ஸ்பெஷலிஸ்ட் ஊழியருங்க 3 வருஷம் வரைக்கும் இருக்கலாம், ஒப்பந்த அடிப்படைல சர்வீஸ் குடுக்கற இன்ஜினியர் மாதிரி ஆளுங்க 24 மாசத்துல 12 மாசம், குறுகிய பிசினஸ் விசிட்டர் 6 மாசத்துல 90 நாள். கனடா பக்கம் இதுல லேபர் மார்க்கெட் சோதனை (அந்த வேலைக்கு கனடால ஆள் கிடைக்கலன்னு காட்டறது) இல்லாம வொர்க் பர்மிட் கிடைக்கறது பெரிய சவுகரியம், அந்த சோதனைல மாசக்கணக்குல இழுக்கும். ஆனா ஒன்னு, ஐரோப்பால வேலை பாக்கற இந்திய பாஸ்போர்ட் இன்ஜினியர இந்த வழில கூட்டிட்டு வரலாம்னு நினைக்காதீங்க, ஐரோப்பிய குடியுரிமை இருக்கணும். பெர்லின்ல இருக்கற பசங்க நிறைய பேர் இத கேட்டு ஏமாந்து போறாங்க.

அரசு டெண்டர்ல கனடா மாகாணம், நகராட்சி வரைக்கும் முதல் தடவையா இவ்ளோ பெருசா திறந்துச்சு. மாகாண அளவுல சரக்கு, சர்வீஸ் 2 லட்சம் எஸ்.டி.ஆர். தாண்டினா ஐரோப்பிய கம்பெனிக்கும் சமமா வாய்ப்பு குடுக்கணும். எஸ்.டி.ஆர். சர்வதேச நாணய நிதியத்தோட கணக்கு அலகு, டாலர்ல எவ்ளோன்னு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ அறிவிப்பாங்க. ஒண்டாரியோ, கியூபெக் மட்டும் பஸ், ரயில் பெட்டி வாங்கும்போது 25% வரைக்கும் கனடா பங்கு கேக்கலாம்னு விலக்கு வாங்கி வச்சிருக்கு.

படி 8: முதலீடு. எது அமல்ல இருக்கு, எது இல்ல

கனடால கம்பெனி ஆரம்பிக்கவோ வாங்கவோ வர்ற வெளிநாட்டுக்காரர் இன்வெஸ்ட்மென்ட் கனடா சட்டத்துக்குள்ள வருவார். சின்னதா புதுசா ஆரம்பிச்சா 30 நாளுக்குள்ள ஒரு அறிவிப்பு போதும். பெரிய கம்பெனிய வாங்கினாத்தான் முன் அனுமதி, அந்த வரம்ப சீட்டா நாட்டு தனியார் முதலீட்டாளருங்களுக்கு 2017ல 150 கோடி கனடா டாலரா உயர்த்தினாங்க, வருஷா வருஷம் ஏறி 2024ல 200 கோடிய நெருங்கிருச்சு. அதே கம்பெனிய அரசு நிறுவனம் வாங்க வந்தா இந்த உயர்ந்த வரம்பு கிடையாது. தேச பாதுகாப்பு ஆய்வு எந்த தொகைக்கும் வரலாம், லித்தியம், நிக்கல் மாதிரி கனிமத்துல கை வைக்கறவங்க வக்கீல முன்னாடியே பாருங்க. ஐரோப்பா பக்கமும் 2020ல இருந்து வெளிநாட்டு முதலீட்ட சோதிக்கற சட்டம் இருக்கு, கனடாக்காரருக்கும் பொருந்தும்.

சின்ன கம்பெனி ஆரம்பிக்கறவங்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். ஃபெடரல் சட்டத்துல பதிவு பண்ணா டைரக்டருங்கள்ல 25% பேர் கனடால வசிக்கற குடிமக்களாவோ பி.ஆர். இருக்கறவங்களாவோ இருக்கணும், ஒண்டாரியோ சட்டத்துல 2021ல அந்த நிபந்தனைய எடுத்துட்டாங்க. பாரிஸ்ல இருக்கற அண்ணன் தம்பி சேந்து இங்க கம்பெனி வைக்கணும்னா ஒண்டாரியோல பண்றது சுலபம்.

அடுத்தது பாதுகாப்பு. நீங்க போட்ட முதலீட்ட அங்க இருக்கற அரசாங்கம் பிடுங்கிட்டா எங்க போய் கேஸ் போடறது? சீட்டால இதுக்கு புதுசா ஒரு முதலீட்டு நீதிமன்றம் எழுதி வச்சிருக்காங்க, 15 நீதிபதி, 5 பேர் கனடா, 5 பேர் ஐரோப்பா, 5 பேர் மூணாவது நாடு, மேல்முறையீடும் உண்டு. 2019ல ஐரோப்பிய உச்ச நீதிமன்றம் இது சட்டப்படி சரின்னு சொல்லிருச்சு. ஆனா இந்த பகுதி 27 நாடும் ஒத்துக்கிட்டாத்தான் அமலுக்கு வரும், 2024 வரைக்கும் 17 நாடுதான் முடிச்சிருந்துச்சு. சைப்ரஸ் நாடாளுமன்றம் 2020ல நிராகரிச்சுது, அவங்க ஹலூமி சீஸ் பேருக்கு பாதுகாப்பு இல்லங்கறது பெரிய காரணம். அயர்லாந்து சுப்ரீம் கோர்ட் 2022ல, அப்ப இருந்த சட்டத்தோட அங்கீகரிக்க முடியாதுன்னு சொல்லிச்சு. பிரான்ஸ் செனட் 2024 மார்ச்ல எதிரா ஓட்டு போட்டுச்சு.

அதனால இன்னிக்கு முதலீடு போடறவர் அந்த நீதிமன்றம் இருக்குன்னு நம்பி போடக் கூடாது. ருமேனியா, போலந்து, செக் மாதிரி சில நாடுகளோட கனடாவுக்கு பழைய இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தம் இருக்கு, அதுதான் இப்போதைக்கு இருக்கற வழி. அது எவ்ளோ நீளமான வழின்னு ரோஷியா மொன்டானா கேஸ பாருங்க. கேப்ரியல் ரிசோர்சஸ்ங்கற கனடா கம்பெனி ருமேனியால தங்கச் சுரங்கம் போட போச்சு, ஊர்க்காரங்களும் நாடு முழுக்க இருக்கற மக்களும் சயனைடு வேணாம், மலைய விடுங்கன்னு தெருவுக்கு வந்தாங்க, அனுமதி கிடைக்கல. 2015ல கம்பெனி பழைய ஒப்பந்தத்த வச்சு கேஸ் போட்டுச்சு, 2024 மார்ச்ல ருமேனியா ஜெயிச்சுது. 9 வருஷம். வலோனியா ஏன் அவ்ளோ பிடிவாதமா நின்னுச்சுன்னு இந்த கேஸ படிச்சப்பதான் எனக்கு முழுசா புரிஞ்சுது, சுரங்கம் வேணாம்னு சொல்றதுக்கு ஒரு ஊருக்கு உரிமை இருக்கணும். அதே சமயம் பணம் போட்டவருக்கும் நியாயமா ஒரு இடம் வேணும். புது நீதிமன்ற அத்தியாயத்துல அரசாங்கம் பொது நலனுக்காக சட்டம் போடற உரிமைய தெளிவா எழுதி இருக்காங்க, அது பழச விட நல்லாத்தான் இருக்கு.

இன்னொன்னும் சொல்லிடறேன். ஐரோப்பிய முதலீடு கனடாவுக்கு வர்றதெல்லாம் சீட்டாவாலன்னு நினைக்க வேணாம். ஃபோக்ஸ்வேகன் 2023ல ஒண்டாரியோல செயிண்ட் தாமஸ் ஊருக்கு பேட்டரி ஃபேக்டரி அறிவிச்சப்ப அதுக்குப் பின்னாடி இருந்த பெரிய காரணம் பல நூறு கோடி டாலர் அரசு மானியமும் பக்கத்துல இருக்கற அமெரிக்க சந்தையும். உங்க முதலீட்டு கணக்குல சீட்டாவ ஒரு வரியா போடுங்க, கரண்ட் விலை, ஆள் சம்பளம், வாடகை எல்லாம் அதே தாள்ல பக்கத்துலயே இருக்கட்டும்.

படி 9: ஃபைல்

சரக்கு வந்து, வித்து, காசு கைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் பெரும்பாலும் கேள்வி வரும். கனடா கஸ்டம்ஸுக்கு ஒரு அறிவிப்பு மேல சந்தேகம் வந்தா அவங்க நேரா ஐரோப்பிய ஃபேக்டரிக்கு போக மாட்டாங்க, அந்த நாட்டு கஸ்டம்ஸுக்கு எழுதுவாங்க, அவங்க போய் உங்க சப்ளையர்கிட்ட பேப்பர் கேப்பாங்க. அதாவது உங்க 18% இன்னொருத்தர் அலமாரில இருக்கற ஃபைல நம்பி நிக்குது. ஏற்றுமதியாளர் 3 வருஷமாவது பேப்பர் வச்சிருக்கணும், கனடா இறக்குமதியாளர் 6 வருஷம் வைக்கணும். அதனால ஒவ்வொரு கன்சைன்மென்ட்டுக்கும் சப்ளையர்கிட்ட இருந்து மூலப்பொருள் பட்டியலையும், எந்த வேலை எந்த ஊர்ல நடந்துச்சுங்கற ஒரு பக்க விளக்கத்தையும் வாங்கி உங்க கைலயே ஒரு காப்பி வச்சுக்கோங்க. அந்த செருப்புக்கடை அண்ணன் இப்ப கேஷ் கவுண்டருக்கு கீழ ஒரு நீல ஃபைல் வச்சிருக்கார், ஒவ்வொரு இன்வாய்ஸ்லயும் கீழ்ப்பக்கம் அந்த வாக்கியத்துக்கு மேல மஞ்சள் மார்க்கர் அடிச்சு, பின்னாடி ஃபேக்டரி பேப்பர பின் பண்ணி. சரக்கு புக் பண்றதுக்கு முன்னாடியே டிராஃப்ட் இன்வாய்ஸ போட்டோ எடுத்து எங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடறார்.